கிராமத் தேர்தலும் கட்சியின் பிடியும்

கேள்வி: ஒரே கட்சி ஆளும் சீனாவிலும் கிராமத் தேர்தல் நடக்கிறதாமே! அதில் மக்களின் வாக்குக்கு மதிப்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் மேலிடம் அனுமதிக்கும் எல்லை வரைதான். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர்கள் கிராமக் குழுவை இரகசிய வாக்கெடுப்பில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம். அதே சட்டம் கட்சிக் கிளைக்கே தலைமை இடத்தைத் தருகிறது.

இதன் பொருளை குவாங்டோங் மாகாணத்தின் வூக்கான் என்ற மீனவக் கிராமம் அனுபவித்து அறிந்தது. தங்கள் நிலத்தை அதிகாரிகள் விற்றுவிட்டதை எதிர்த்து 2011-இல் கிளர்ந்தெழுந்த மக்கள், தங்கள் பிரதிநிதிகளில் ஒருவர் போலீஸ் காவலில் இறந்த பிறகும் பின்வாங்காததால், மாகாண அரசு இறங்கிவந்தது. 2012 மார்ச்சில் நடந்த தேர்தலில், போராட்டத்தை முன்நின்று நடத்திய லின் சூலுவானையே கிராமக் குழுத் தலைவராக்கினார்கள். அந்தத் துணிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும், நிலத்தை மீட்டுத்தரும் அதிகாரம் அவர்கள் தேர்ந்தெடுத்த குழுவிடம் இல்லை. பெரும்பகுதி நிலம் திரும்பவே இல்லை. மீண்டும் போராட முனைந்த லின் 2016-இல் கைதாகி, லஞ்சக் குற்றச்சாட்டில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். அக்குற்றச்சாட்டை நம்பாத மக்கள், போலீஸார் ஊருக்குள் புகுந்து ஒடுக்கும்வரை ஊர்வலம் நடத்தினார்கள்.