குன்னூருக்குக் கீழேதான் நீராவி
வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்ற கோடை விடுமுறையில் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் சென்றோம். நீராவி என்ஜினைப் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்த என் தந்தை, டீசல் என்ஜின் பூட்டியிருந்ததைக் கண்டு ஏமாந்து போனார். நீராவி என்ஜின்களை நிறுத்திவிட்டார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நிறுத்தவில்லை, நீங்கள் பயணம் செய்தது நீராவி என்ஜின் ஓடாத பகுதியில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை செல்லும் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் பாதையில், மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில்தான் நீராவி என்ஜின் ஓடுகிறது. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினைப் பூட்டுகிறார்கள். பாதையின் வரலாறும் இப்படி இரண்டு பாகமானதுதான்: குன்னூர் வரையிலான பகுதி 1899-இல் திறக்கப்பட்டது, ஊட்டி வரை நீட்டிக்கப்பட்டது 1908-இல். பயணச்சீட்டு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பலரும் ஊட்டி–குன்னூர் பயணத்தோடு நிறைவடைந்து விடுகிறார்கள். கேத்தி, லவ்டேல் பக்கத்துக் காட்சிகள் அழகானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததன் அருமையை உணர வேண்டுமானால், மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூருக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மலை ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறதே, அது ஏன்? தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்கள் எதற்கு? (மாணவர், மதுரை)

பதில்: கல்லாற்றைத் தாண்டியதும் ஏற்றம் 12-க்கு 1 என்ற அளவுக்குப் போகிறது, அதாவது 12 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இவ்வளவு செங்குத்தான பாதையில் வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின் மேல் வழுக்கிவிடும் என்பதால், ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளை அருகருகே பதித்திருக்கிறார்கள். என்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறுகின்றன. ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி மாற்றி அமைத்திருப்பதால், எந்த நொடியிலும் பிடி விடுவதில்லை.

இங்கு ஓடும் ‘எக்ஸ்’ வகை என்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள் உண்டு. பல் பாதையில், முதல் இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பி, அவற்றைக் கொண்டு பற்சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள். சிக்கனத்தில் நம் பாட்டிமார்களுக்கு இளைத்ததல்ல இந்த என்ஜின்! பின்னால் நின்று தள்ளுவது பாதுகாப்புக்காக: பெட்டிகளின் இணைப்பு தற்செயலாக அறுந்தாலும் அவை பள்ளத்தை நோக்கி உருண்டோடாமல் கீழ்ப்பக்கம் நிற்கும் என்ஜின் தாங்கிக்கொள்ளும். இது போதாதென்று பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன் வேறு நிற்கிறார்.

கேள்வி: வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல ஏற்ற காலம் எது? ஏறும் பயணம் நல்லதா, இறங்கும் பயணமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்து பாதை அடைபடுவதும், நாள்கணக்கில் ரயிலை நிறுத்திவைப்பதும் அடிக்கடி நடக்கின்றன.

என்ஜின் மூச்சிரைக்க உழைப்பதைக் கேட்க வேண்டுமானால் காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறுவதே சிறந்தது. ஆனால் ஊட்டி வரை செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டிகளுக்குள் கழிப்பறை கிடையாது. என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நிறுத்தும்போது இறங்கிக்கொள்ளலாம். (ஹில்குரோவில் கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் உங்களிடம் அனுமதி கேட்பதில்லை.) அவ்வளவு நேரம் உட்கார முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி, குன்னூர் வரை மட்டும் ரயிலில் ஏறி, அங்கே இறங்கி, மீதித் தூரத்தைக் காரில் கடப்பதே. நீராவிப் பயணம் முழுவதும் கிடைத்துவிடும். என்ஜினைக் கழற்றிக் கொண்டுசெல்வதையும் பெரியவர்கள் நடைமேடையில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.