பேரு ஒத்துப்போச்சுன்னு பேங்க்ல பணத்தை நிறுத்தலாமா, கேஸ் தீர்ப்பு எதுவும் இல்லாமயே?

கேள்வி கேட்டவர் மாமாவுக்கு சவுதிலேர்ந்து வந்த பணம், தீவிரவாதிங்க லிஸ்ட்ல இருக்குற யாரோட பேரோடயோ ஒத்துப்போகுதுன்னு நிக்குதாம், இப்படி பண்ண சட்டத்துல இடம் இருக்கான்னு கேக்குறாரு.

இடம் இருக்கு. யுஏபிஏன்னு சொல்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துல 51ஏ-ன்னு ஒரு பிரிவு, மும்பை தாக்குதல் நடந்த அடுத்த மாசமே, 2008 டிசம்பர்ல, திருத்தமா உள்ள வந்தது. அதுல லிஸ்ட்ல இருக்குறவங்க மட்டுமில்ல, பயங்கரவாதத்துல ஈடுபட்டதா "சந்தேகிக்கப்படுறவங்க" பணத்தையும் மத்திய அரசு முடக்கலாம்னு இருக்கு. தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. முன்கூட்டி நோட்டீஸ் குடுத்தா மறுநாள் அக்கவுண்ட்ல ஒத்த ரூபா இருக்காது, அதனாலதான் இப்படி. அந்த வாதம் எனக்குப் புரியுது, தப்புன்னும் சொல்ல மாட்டேன். இதுக்கு வேர் ஐநாவுல இருக்கு, தாலிபானுக்கு எதிரா 1999ல போட்ட 1267 தீர்மானம், அப்புறம் 2001 செப்டம்பர் தாக்குதல் முடிஞ்ச கையோட, பயங்கரவாதிங்க பணத்தை எல்லா நாடும் முடக்கணும்னு வந்த 1373 தீர்மானம். ஐநா வச்சிருக்குற பேரு லிஸ்ட்டை பேங்க்காரங்க நாங்க பேச்சுல "1267 லிஸ்ட்"னுதான் சொல்லுவோம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல பேங்க்ல இருந்தவன், கடைசி சில வருஷம் திருவாரூர் மாவட்டத்துல ஒரு கிளை. எந்த பேங்க், எந்த ஊருன்னு கேக்காதீங்க. வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்குற ஊரு, எங்க டெபாசிட்ல பாதி அங்கேர்ந்து வர்ற காசுதான்.

ஒரு ஐப்பசி மாசம், அடைமழை. ஒரு பாய், அறுபது வயசுக்கு மேல இருக்கும், மாடி தளம் போட சென்ட்ரிங் அடிச்சு கம்பியும் கட்டி முடிச்சுட்டாரு. மவன் ரியாத்லேர்ந்து அனுப்பின பணம் வரல. தினம் காலைல பத்து மணிக்கு குடையை மடக்கி வாசல்ல சாத்திட்டு பாஸ்புக்கோட என் கவுன்டர்ல வந்து நிப்பாரு. "என்ன சார், இன்னிக்காவது?" தலைமை அலுவலகத்துல பேரு அலர்ட் ஆயி நிக்குதுன்னு எனக்கு தெரியும், ஆனா கஸ்டமர்கிட்ட காரணத்தை சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. அதனால "சர்வர் பிரச்சனை பாய்"னு சொன்னேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பதினோரு நாள் இதே பொய். சென்ட்ரிங் தகடு வாடகை நாள் கணக்குல ஏறுது, கட்டின கம்பி மழையில செவந்து துரு பிடிக்குது, கொத்தனார் வேற வேலைக்கு போயிட்டாரு.

அலர்ட் ஏன் வந்துச்சுன்னா, நம்மளோட இனிஷியல்தான் காரணம். ஊர்ல அந்தப் பையன் எம். அப்துல் ரஹ்மான் மாதிரி ஒரு பேரு (நிஜப்பேரு இது இல்ல). பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிச்சு எழுது, சர்நேம் கட்டத்தை நிரப்புன்னு சொல்லிட்டாங்க, அத்தா பேரு சர்நேமா போயிடுச்சு. தெருவுல அவங்க குடும்பத்தை எல்லாரும் கூப்பிடுற வீட்டுப்பேரு எந்த காகிதத்துலயும் கிடையாது. கடைசியில மிச்சம் இருந்தது உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்குற மூணு வார்த்தை. சாஃப்ட்வேருக்கு எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறினாலும் ஒண்ணுதான், அது அப்படித்தான் தேடணும், ஏன்னா நிஜ ஆளும் ஸ்பெல்லிங்கை மாத்தித்தான் வருவான். ஐநா லிஸ்ட்டுல பிறந்த தேதி, ஊரு, பாஸ்போர்ட் நம்பர்னு கட்டம் கட்டமா இருக்கும், ஆனா சில பேருக்கு பிறந்த வருஷமே காலியா கிடக்கும், அப்படி இருந்தா ஒதுக்கி விடுறது கஷ்டம். இந்த கேஸ்ல வருஷம் இருந்துச்சு. லிஸ்ட்ல இருந்த ஆளு வேற தேசம், இந்தப் பையனை விட இருபது வயசுக்கு மேல மூத்தவரு. பையன்கிட்ட பாஸ்போர்ட் காப்பி வாங்கி அனுப்பினோம், அடுத்த நாளே பணம் வந்துருச்சு. அதாவது முதல் நாளே யாராவது அந்த காப்பியை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். பொருந்துதுன்னு உறுதியா தெரிஞ்சா பேங்க் 24 மணி நேரத்துல உள்துறைக்கு சொல்லணும்னு கெடு இருக்கு, ஆனா பொருந்தலன்னு முடிவு பண்ண எங்க ஆபீஸ்ல யாருக்கும் அவசரம் இல்ல. சட்டத்து மேல எனக்கு பெருசா குறை இல்ல, இந்த மெத்தனத்து மேலதான் இருக்கு.

ரிட்டயர் ஆனப்புறம் டீக்கடையில அவரைப் பாத்தப்போ உண்மையை சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எங்க தெருவுலயே அந்தப் பேருக்கு நாலு பேரு இருக்கோமே சார், எல்லாரையும் புடிப்பாங்களா"ன்னு சிரிச்சாரு. சென்ட்ரிங் வாடகையைப் பத்தி அவரும் கேக்கல, நானும் எடுக்கல.

முஸ்லிம் பேருக்கு மட்டும்தான் இப்படின்னு நெனைக்காதீங்க. 2014ல இலங்கை அரசு இதே 1373-ஐ காட்டி 400-க்கும் மேல தனிநபர்களை லிஸ்ட்ல போட்டுச்சு, நிறைய பேரு வெளிநாட்டுல இருக்குற தமிழருங்க, அடுத்த வருஷம் நவம்பர்லயே அதுல பாதிக்கு மேல எடுத்தும் விட்டாங்க. நிஜமாவே லிஸ்ட்ல ஏறிட்டவங்க நிலைமை இன்னும் மோசம். இங்கிலாந்துல சிலருக்கு வீட்டுச் செலவுக்கு கூட நிதித்துறை லைசென்ஸ் வாங்கணும்னு இருந்துச்சு, பொண்டாட்டி கடைக்குப் போனதுக்கெல்லாம் கணக்கு. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாம அரசு போட்ட அந்த முடக்க உத்தரவு செல்லாதுன்னு 2010 ஜனவரியில அங்க உச்ச நீதிமன்றம் அடிச்சுது, ரெண்டே வாரத்துல நாடாளுமன்றம் அவசர சட்டம் போட்டு பழையபடி ஆக்கிடுச்சு. சவுதி தொழிலதிபர் யாசின் காதி 2001ல லிஸ்ட்ல ஏறி, ஐரோப்பிய கோர்ட்ல 2008ல ஜெயிச்சும், ஐநா பேரை எடுத்தது 2012லதான்.

உங்க மாமா விஷயத்துக்கு வர்றேன். முதல்ல பேங்க்ல எழுத்துல கேளுங்க, 51ஏ-வா, போலீஸ் கடிதமா, அமலாக்கத்துறையான்னு. இப்பல்லாம் அக்கவுண்ட் முடங்குறதுல நான் கேள்விப்படுறது பெரும்பாலும் சைபர் கிரைம் புகார்தான், அது வேற வழி. பேரு பிரச்சனைதான்னா அனுப்பினவர் பாஸ்போர்ட் காப்பி, இக்காமா (சவுதியில தங்குறதுக்கான அனுமதி அட்டை) காப்பி, அவரோட அத்தா பேரு, பிறந்த ஊரு எல்லாம் ஒரு கடிதத்தோட மேனேஜர்கிட்ட குடுத்து, காப்பியில சீல் வாங்கிக்குங்க. வாய்ல கேட்டா சர்வர் பிரச்சனைன்னுதான் பதில் வரும். அரசு உத்தரவே போட்டு முடக்கியிருந்தா, ஆள் வேறன்னு ஆதாரத்தோட பேங்க்லயே மனு குடுக்கலாம், அவங்க அதை உள்துறைக்கு அனுப்பியே ஆகணும், அதுலயும் நடக்கலன்னா ஹைகோர்ட்ல ரிட். வீட்டுல சின்னப் பசங்க யாராவது இனிமேதான் பாஸ்போர்ட் எடுக்கணும்னா பள்ளி சர்டிபிகேட், ஆதார், பேங்க் மூணுலயும் பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாத்து வச்சுக்குங்க.