மே மாதத்துப் பரங்கிப்பேட்டை

அன்புள்ள ஐயா,

வெள்ளாறு கடலில் சேரும் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, மே கடைசியில் குடும்பத்தோடு பரங்கிப்பேட்டைக்குப் போனோம். மதியம் இரண்டு மணி, மணல் கொதித்தது. கடற்கரையில் ஒரு சுண்டல்காரர்கூட இல்லை. அன்னங்கோவில் பக்கம் போனால் ஆற்றோரம் படகுகள் வரிசையாகச் சும்மா நிற்கின்றன. மீன் வாங்கலாம் என்றால் ஏலம் போடுகிற இடத்தில் நாய் படுத்திருக்கிறது. "இதுக்கு மெரினாவுக்கே போயிருக்கலாம்" என்கிறார்கள் பிள்ளைகள். அப்படி என்னதான் பார்த்தீர்கள் அங்கே?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

எப்போது போக வேண்டும் என்று எழுதாமல் விட்டது என் தவறுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நீங்கள் பார்த்த வரிசை அதுதான். சும்மா நிற்பதாகத் தெரியும். பக்கத்தில் போனால் சாயம் பூசுவதும் இன்ஜினைப் பிரித்துப் போடுவதும் வலை சீர் செய்வதுமாக வேலை நடக்கும். வெயிலுக்குப் பயந்து அவர்களும் இரண்டு மணிக்கு நிழலுக்குப் போயிருப்பார்கள்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். மெரினா என்றால் வெளிநாடுகளில் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை. 1880களில் சென்னைக் கடலோரம் உலாவும் சாலை போட்ட ஆளுநர் கிராண்ட் டஃப், சிசிலியில் பார்த்த ஞாபகத்தில் வைத்த பெயர் அது. சென்னை மெரினாவில் படகை மணலில்தான் இழுத்துப் போட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெயர் அன்னங்கோவிலுக்குத்தான் பொருந்தும்!

அந்த ஊரில் பார்க்க வேண்டியது கடற்கரையை அல்ல, ஆற்றின் வாயை. சோழமண்டலக் கரை நீளமும் திறந்த மணல். அலை நேராக வந்து அடிக்கும், கப்பல் ஒதுங்க இடம் அரிது. முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிட்டால் அதே படகு குளத்தில் நிற்கிற மாதிரி நிற்கும். கடலோடித் தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர்களின் வணிகமும் அதை ஒட்டித்தான். போர்ச்சுகீசியர் வந்து 'புதிய துறைமுகம்' என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றார்கள். பிறகு டச்சுக்காரர், ஆங்கிலேயர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் என்பவரிடம் தோற்றது இந்த ஊர்ப் பக்கம்தான். 1830களில் சேலத்து இரும்புத்தாதுவை உருக்க ஹீத் என்பவர் ஆலை வைத்ததும் இங்கேதான். இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகம் வாசலிலேயே இருக்கும்போது ஆய்வாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வாய் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஆற்றில் நீர் வற்றினால் கடல் மணலைக் கொண்டுவந்து அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்து அதைத் தள்ளிவிடும். அடுத்த முறை போனால் முகத்துவாரத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். ஓதம் வடியும்போது ஆறு கடலுக்குள் இழுக்கும், மேலே பார்க்க ஒன்றும் தெரியாது.

தை பிறந்த பிறகு போங்கள். முதல் நாளே சிதம்பரத்தில் தங்கிவிட்டு, இருட்டோடு கிளம்புங்கள். பிச்சாவரத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் இரண்டும் கெடும்.

சரி, நான் என்ன பார்த்தேன்? ஒரு விடியற்காலை, உள்ளே வரவேண்டிய படகு ஒன்று மணல்மேட்டுக்கு வெளியே நெடுநேரம் நின்றது. இரண்டு அலையை விட்டது. மூன்றாவதின் முதுகில் ஏறி ஒரே மூச்சில் ஆற்றுக்குள் வந்தது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

அப்புறம், அல்வா வாங்கினீர்களா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே.