வாசகர் கேள்வி: சிவந்த கழுத்தா, கரண்டி மூக்கா?

கேள்வி: பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்திருந்த பேரனுடன், விழா முடிந்த மறுநாள் தட்டோன் பக்கத்துக் கடலோரச் சேற்றுவெளிக்குச் சென்றிருந்தேன். சிறு உள்ளான் பறவைகள் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே கழுத்தும் முகமும் செம்மண் நிறத்தில் இருந்த ஒன்றைக் காட்டி, "கரண்டி மூக்கு உள்ளானா, தாத்தா?" என்று கேட்டான். அருகில் பார்க்கச் சேற்றில் இறங்கியதும் கூட்டமே எழுந்து பறந்துவிட்டது. அதை எப்படி அடையாளம் காண்பது, ஐயா?
– வாசகர், மோல்மீன், மியான்மர்

பதில்: தங்கள் பேரனின் கேள்வி நியாயமானதே. உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ள கரண்டி மூக்கு உள்ளான்களில் பெரும்பங்கு, நம் பெரியவர்கள் மர்தபான் என்று சொல்லிவந்த இந்த மொத்தமா வளைகுடாவில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆயினும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பங்குனியில் செங்கழுத்துக் கொசு உள்ளானும் அதே போலச் சிவக்கும். வளைமூக்கு உள்ளானும் சிவக்கும், ஆனால் உருவத்தில் பெரியது, அலகும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

அலகைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கவாட்டில் நிற்கும்போது கரண்டி தெரியாது. சாதாரணக் கறுத்த அலகாகவே தோன்றும். நான் முதன்முறை பார்த்தபோது, கொசு உள்ளான் என்றே எண்ணித் தொலைநோக்கியை நகர்த்தப் போனேன். அந்த நொடியில் அது என் பக்கம் திரும்பியது. அலகின் நுனி சட்டென்று அகன்று, சிறு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்தது போலிருந்தது. மேயும் விதமும் உதவும்: கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பை விறுவிறுவெனக் கொத்தும், இதுவோ, தலையைத் தாழ்த்தி, மெல்லிய நீர்ப்படலத்தில் அலகைப் பக்கவாட்டில் அசைத்தபடியே நடக்கும்.

சேற்றில் இறங்கியதைப் பற்றி மனம் விட்டுச் சொல்கிறேன்: இனி அப்படிச் செய்யாதீர்கள். இந்த வளைகுடாவில் கடல் ஏறும் வேகம் ஆபத்தானது என்பது ஒரு காரணம். மற்றொன்று, ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் உள்ள சுக்கோத்கா வரை, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறந்து சென்று முட்டையிட வேண்டிய அந்தப் பறவை, இந்த வாரங்களில்தான் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அந்தச் சேமிப்பு வீணாகிறது. இங்கே வலைவைத்து உள்ளான் பிடித்தவர்களில் பலர், வேறு பிழைப்புக்கு உதவி பெற்று அத்தொழிலை விட்டிருக்கிறார்கள். 2017-இல் இவ்வளைகுடா, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பார்க்க வருபவர்கள் நாமும் நம் பங்குக்கு ஒதுங்கி நிற்போம்.

பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாள்களில் கடல் மிக உயரமாக ஏறும். ஏறும் நேரத்தைக் கரையோர மீனவர்களிடம் கேட்டறிந்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் கரையிலேயே அமர்ந்திருங்கள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் வரும்.