அலைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலைகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பாதிப் பேருக்கு ஒரே இடத்தில்தான் இடறுகிறது, அது அதிர்வெண், அதாவது ஒரு அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கேள்வி: ரேடியோ அலை நம் காதில் விழாததற்குக் காரணம், அதன் அதிர்வெண் மிக அதிகம் என்பதுதானே?

இல்லை. நம் காதுக்கு எட்டுவது சுமார் 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வு) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. சரி, 1,000 ஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ அலையை உண்டாக்கினால் கேட்குமா? அப்போதும் கேட்காது. ஒலியில் அதிர்வது காற்று. அது நெருங்கியும் விலகியும் வந்து செவிப்பறையைத் தள்ளுகிறது. ரேடியோ அலையில் அதிர்வதோ மின்புலமும் காந்தப்புலமும், அங்கே செவிப்பறையைத் தள்ள எதுவுமே இல்லை. ஆக, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, அலையின் தன்மையிலேயே இருக்கிறது. வேகத்திலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், ஒளியும் ரேடியோ அலையும் வெற்றிடத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். மின்னல் வெட்டி மூன்று நொடி கழித்து இடி கேட்டால், அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று கணக்குப் போடுவது இதை வைத்துத்தான்.

கேள்வி: தண்ணீருக்குள் போனால் ஒளியின் அலைநீளம் (அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலான தூரம்) குறைகிறது என்கிறார்கள். அப்படியென்றால் சிவப்பு விளக்கு தண்ணீருக்குள் பச்சையாகத் தெரிய வேண்டாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது! கணக்கும் சரிதான். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளி தண்ணீருக்குள் சுமார் 526 நானோமீட்டராகச் சுருங்குகிறது, காற்றில் அது பச்சையின் அலைநீளம். ஆனால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஊடகம் மாறும்போது வேகம் குறைகிறது, அலைநீளமும் அதே விகிதத்தில் குறைகிறது, அதிர்வெண் மட்டும் மாறுவதில்லை. ஒரு நொடிக்கு எத்தனை முகடுகள் தண்ணீரின் பரப்பை வந்து தொடுகின்றனவோ அத்தனைதான் உள்ளே போக முடியும், நடுவில் எதுவும் காணாமல் போக வழியில்லை. விழித்திரை உணர்வதும் ஒளித்துகளின் ஆற்றலை, அதாவது அதிர்வெண்ணைத்தான். யோசித்துப் பாருங்கள், கண்ணுக்குள்ளும் திரவம்தானே இருக்கிறது? விழித்திரையை அடைவதற்குள் ஒளி எப்படியும் சுருங்கித்தான் வருகிறது.

கேள்வி: கைப்பேசி அலையும் எக்ஸ்ரேயும் ஒரே குடும்பம் என்றால், இரண்டும் ஒரே மாதிரி ஆபத்துதானே?

ரேடியோ அலை, ஒளி, எக்ஸ் கதிர் எல்லாமே மின்காந்த அலைகள், குடும்பம் ஒன்றுதான். ஆனால் ஒரு ஒளித்துகள் சுமக்கும் ஆற்றல் அதிர்வெண்ணோடு சேர்ந்து ஏறுகிறது. வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். கைப்பேசி அலை 2 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 கோடி அதிர்வு) என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு துகளிடம் இருப்பது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை, எக்ஸ் கதிரின் துகளிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. உலோகத்தின் மேல் மங்கலான புற ஊதா (ஊதாவைவிட அதிர்வெண் கூடிய, கண்ணுக்குத் தெரியாத ஒளி) பட்டாலே எலக்ட்ரான் வெளியே வரலாம், சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டினாலும் பெரும்பாலான உலோகங்களில் வராது. இதற்கு 1905-ல் ஐன்ஸ்டைன் கொடுத்த விளக்கத்துக்குத்தான் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. கைப்பேசி அலையால் முடிவது லேசாகச் சூடேற்றுவது. நீங்கள் பயப்பட வேண்டுமென்றால் உச்சி வெயிலின் புற ஊதாவுக்குப் பயப்படுங்கள், அது தோல் செல்லின் டிஎன்ஏவை நேரடியாகவே பாதிக்கிறது.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் அத்தனை ஓட்டை இருக்கிறதே, அலை வெளியே வராதா? உள்ளே தட்டு ஏன் சுற்றுகிறது?

அடுப்பின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவிலிருக்கும் உலோக வலையின் ஓட்டை ஓரிரு மில்லிமீட்டர்தான், அந்த அலைக்கு அது கிட்டத்தட்டச் சுவர் மாதிரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் அது தாராளமாக வெளியே வருகிறது, நமக்கும் உள்ளே இருப்பது தெரிகிறது.

சுற்றுவதற்குக் காரணம், உள்ளே அலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று சேர்வதால் சில இடங்களில் சூடு குவிகிறது, சில இடங்களில் எதுவும் நடப்பதில்லை. இதை நீங்களே பார்க்கலாம். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, சுழலாதபடி ஒரு தட்டில் பெரிய சாக்லேட் பாளத்தை வைத்து இருபது, முப்பது நொடி ஓட விடுங்கள். அங்கங்கே மட்டும் பளபளவென்று உருகியிருக்கும், நடுவில் விரல் வைத்தால் கெட்டியாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து உருகல்களுக்கு இடையே அளந்தால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், அதாவது பாதி அலைநீளம். அதை இரண்டால் பெருக்கி 245 கோடியாலும் பெருக்குங்கள், நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்று வரும். முதல் தடவை செய்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, சமையலறையில் ஒரு அளவுகோலை வைத்து ஒளியின் வேகம்! அடுப்புக்கு அடுப்பு உருகும் கோலம் மாறும், இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

அப்புறம் ஒன்று, 2.45 கிகாஹெர்ட்ஸ் தண்ணீர் மூலக்கூறின் ஒத்ததிர்வு எண் (அது தானாகவே மிக எளிதாக அதிரும் அதிர்வெண்) என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. தண்ணீர் இதைவிட அதிக அதிர்வெண்களில் இன்னும் நன்றாக உறிஞ்சும், ஆனால் அப்போது சூடு மேற்பரப்போடு நின்றுவிடும்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இருக்கிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1800-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் பட்டகம் என்ற முக்கோணக் கண்ணாடியால் வெயிலை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அந்தப் பக்கம், நிறமே இல்லாத இடத்தில் வைத்தது இன்னும் அதிகமாக ஏறியது. அடுத்த வருடமே ஜெர்மன் விஞ்ஞானி ரிட்டர் ஊதாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளிக் குளோரைடு வேகமாகக் கறுப்பதைப் பார்த்தார், புற ஊதா கிடைத்தது.

உங்களுக்குப் பட்டகம் தேவையில்லை, டிவி ரிமோட் அனுப்புவதும் அகச்சிவப்புதான். டிவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள் (பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்). வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். மினுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.