கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தலை சுற்றுவதும் விடாமல் வாந்தி வருவதும் ஏன்? எப்படிச் சமாளிப்பது?

கருவுற்ற முதல் மாதங்களில் வரும் குமட்டலும் வாந்தியும்தான் மசக்கை. பெரும்பாலும் 6ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, 16ஆம் வாரத்துக்குள் தணிந்துவிடும். வளரும் நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியை உசுப்புவதே முக்கியக் காரணம்.

தலைச்சுற்றலுக்குக் காரணம் வேறு. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. கிணற்று மோட்டாரை மாற்றாமல் வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் நீர்மட்டம் தாழ்ந்து, கடைசித் தென்னைக்குத் தண்ணீர் தாமதமாகத்தானே போகும்? சட்டென எழும்போது மூளைக்கும் அதே நிலைதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நின்றபடியே வேலை செய்யும் பெண்கள் உட்கார இடம் கேட்கத் தயங்கவே கூடாது.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். படுக்கையை விட்டு எழும் முன்பே ஒரு பிடி பொரி சாப்பிடுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்தின் தாளிப்பு வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால், ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். தண்ணீரும் மிடறு மிடறாகத்தான்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்து அடர்நிறமானால், எடை இறங்கினால், மயங்கி விழுந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மசக்கைக்கு மருந்தே சாப்பிடக் கூடாது என்று பலர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார்கள்; ஆனால் டாக்ஸிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை, மருத்துவர்கள் கர்ப்பிணிகளுக்கென்றே நெடுங்காலமாக எழுதித் தருவது.