9,500 ரூபாய் காம்போவில் உருப்படியானது எது?

கேள்வி: என் மகள் விஸ்காம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமராவை லென்ஸோடு வாங்கிவிட்டோம். பை, டிரைபாட், யுவி ஃபில்டர், 128 ஜிபி கார்டு, இன்னொரு பேட்டரி, கிளீனிங் கிட், கூடுதல் வாரண்டி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய்க்குக் ‘காம்போ’ தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். தனித்தனியாக வாங்கினால் 14,000 ஆகுமாம். வாங்கலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: வாங்காதீர்கள். கேமராவில் கடைக்காரருக்கு நிற்பது கொஞ்சம்தான். அதைக் காம்போவில் பிடித்துவிடுவார். 14,000 என்பது பெட்டிகளில் அச்சடித்த எம்ஆர்பிகளைக் கூட்டிச் சொன்ன கணக்கு. 400 ரூபாய்க்கு விற்கிற பையில் 1,999 என்று போட்டிருப்பார்கள். எம்ஆர்பிக்கு மேல் விற்றால்தான் குற்றம். எம்ஆர்பியையே இஷ்டத்துக்குப் போட்டால் கேட்பாரில்லை.

முதலில் கார்டைச் சொல்கிறேன். பை மட்டமானால் பணம்தான் நஷ்டம். கார்டு மட்டமானால் எடுத்த படமே போச்சு. பழுதுபார்க்கும் என் மேசைக்கு ஒருமுறை கல்யாண போட்டோகிராபர் ஒருவர் கார்டோடு வந்தார். மேலே 128 என்று இருந்தது. மாப்பிள்ளை அழைப்புப் படங்கள் எல்லாம் திறந்தன. முகூர்த்தப் படங்களுக்குப் பெயர் மட்டும் இருந்தது, படம் இல்லை. சோதித்தால் உள்ளே இருந்தது வெறும் 16 ஜிபி. ‘நான் 128’ என்று கேமராவிடம் சொல்லும்படி கார்டை மாற்றி வைத்திருந்தார்கள். நிறைந்த பிறகும் எழுதுவதுபோல் நடிக்கும், கேமராவுக்குத் தெரியாது. அந்த மனிதர் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொன்னாரோ!

அதனால் கார்டைத் தனியாக, பில்லோடு வாங்குங்கள். 128-இல் ஒன்று வேண்டாம், 64-இல் இரண்டு. முகப்பில் பெரிதாக இருக்கும் 170, 200 எல்லாம் படிக்கும் வேகம், அதை விட்டுவிடுங்கள். ‘வி’ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி 30 என்று சின்னதாக இருக்கிறதா பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். இந்த ரகக் கேமராவின் 4கே வீடியோவுக்கு அதில் பாதியே போதும். வாங்கியதும் மகளிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் இருக்கும் பெரிய வீடியோக்களை கார்டு நிறையும்வரை காப்பி செய்து, கார்டைக் கழற்றி மறுபடி செருகி, எல்லாம் கடைசிவரை ஓடுகிறதா பார்க்கச் சொல்லுங்கள். 64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59 என்று காட்டினால் பயப்படாதீர்கள். அது கணக்குப் போடும் முறையில் வரும் வித்தியாசம்.

புற ஊதாக் கதிரைத் தடுக்க லென்ஸ் முன்னால் திருகும் கண்ணாடியான யுவி ஃபில்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஃபிலிம் காலத்துச் சரக்கு அது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஆனால் நீங்கள் தூத்துக்குடிக்காரர். உங்கள் பெண் எப்படியும் உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் போவாள். காற்றில் வரும் உப்பு லென்ஸ் முகப்பில் படியும், பிள்ளைகள் சட்டை நுனியால் அழுத்தித் துடைப்பார்கள், மேல்பூச்சு கீறிப்போகும். ஃபில்டரென்றால் கழற்றி நல்ல தண்ணீரில் அலசலாம். லென்ஸை அலச முடியுமா? ஆகவே உங்களுக்கு மட்டும் ஒன்று வேண்டும், அதுவும் காம்போவில் வருவது வேண்டாம். கடையிலேயே டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் விழும் விளக்கின் பிம்பம் அப்படியே வெள்ளையாகத் தெரிந்தால் அது வெறும் கண்ணாடி. மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரிந்தால் பூச்சு உள்ளது. அளவு, லென்ஸ் முகப்பில் கோடு கிழித்த சுழிக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு விரலால் திருகினால் போதும். இறுக்கினால் மாட்டிக்கொண்டு என் மேசைக்குத்தான் வரும். ராத்திரியில் விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் படத்தில் ஒரு விளக்கு இரண்டாகும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடட்டும்.

இதோடு லென்ஸ் முகப்பைச் சுற்றி ஹூட் என்ற வளையத்தையும் மாட்டினால் பாதி அடியை அது தாங்கும். அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைக்கூடப் பல கம்பெனிகள் இப்போது தனியாக விற்கின்றன. சில கேமராக்களில் சார்ஜரே வருவதில்லை. விலை மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது, பெட்டி காலியாகிக்கொண்டே போகிறது.

இன்னொரு பேட்டரி வேண்டும்தான், கம்பெனியுடையதையே வாங்குங்கள். கிளீனிங் கிட்டில் ரப்பர் பிளோயர் மட்டும் உதவும். அந்த மருந்து பாட்டில் குப்பைக்கு. காம்போ டிரைபாட் உங்கள் ஊர்க் கடல் காற்றில் நிற்காது, ஆறு மாதம் பொறுத்து நல்லதாக வாங்குங்கள். பை எதுவானாலும் சரி, ஆனால் மழைக்காலத்தில் கேமராவை அதற்குள்ளேயே வைக்காதீர்கள். லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோல் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளைப் போட்டு வையுங்கள். நீல மணி வெளுத்து ரோஜா நிறமானால் மாற்ற வேண்டும்.

கூடுதல் வாரண்டியில் யார் கையெழுத்து என்று பாருங்கள். பெரும்பாலும் கேமரா கம்பெனி அல்ல, நடுவில் ஒருவர். கீழே விழுந்தது, தண்ணீர், மணல் எதுவும் சேராது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கேமரா கெடுவதே இந்த மூன்றால்தான். 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி கேட்கலாம், பொறுமை இருந்தால்.

அப்புறம், கேமராவின் பில்லை இன்றே எடுத்துப் பாருங்கள். கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண் பில்லில் இல்லையென்றால், காம்போ வேண்டாம் என்று சொல்லப் போகும்போது எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.